வாழைத்தாரைச் சுற்றும் பொடி ஈக்களை எப்படி ஒழிப்பது?

கும்பகோணம் பக்கம் வீட்டில் பூவன் தார் பழுத்துத் தொங்கினால், இந்தச் செங்கண் ஈக்களும் அழையா விருந்தாளிகளாக வந்துவிடும். கையால் அடிப்பது வீண் வேலை. ஒரு பெண் ஈ தன் ஆயுளில் சில நூறு முட்டைகள் இடும். நம் ஊர் வெயிலில் முட்டை ஈயாவதற்குப் பத்து நாள்கூட ஆகாது. ஆகவே, பிறக்கும் இடத்தைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் பழியெல்லாம் தார் மேல்தான் விழுந்தது. கடைசியில் பார்த்தால், வெங்காயக் கூடையின் அடியில் நசுங்கி நீர் கசிந்துகொண்டிருந்த ஒற்றைச் சின்ன வெங்காயம்! அதில் புழு நெளிந்தது.

மிஞ்சிய ஈக்களுக்கு, ஒரு டம்ளரில் இரண்டு கரண்டி வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். திரவத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். பரப்பு இழுவிசை குறைந்தால்தான் வந்து உட்காரும் ஈ மூழ்கும், இல்லாவிட்டால் குடித்துவிட்டுப் பறந்துவிடும். வினிகர் இல்லையென்றால் கறுத்த பழத்துண்டை டம்ளரில் போட்டு, வாயில் காகிதக் கூம்பைச் செருகுங்கள்.

கழுவுதொட்டி அருகே மயிரடர்ந்த இறகுடன் அமர்ந்திருப்பது வேறு பூச்சி. அதற்கு வடிகுழாயின் உட்புற வழுவழுப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும்.