அடுத்த வசனம்

அன்புள்ள அக்கா,

குருத்தோலை ஞாயிறு ஆராதனையில் சகரியா 9:9-ஐ வைத்துப் பிரசங்கம் கேட்டேன். இயேசு எருசலேமுக்குள் வந்ததைச் சொல்லும்போது மத்தேயுவில் கழுதையும் குட்டியும் வருகின்றன, மாற்குவில் குட்டி மட்டும்தான். எது சரி? இன்னொன்று: ராஜா கழுதைமேல் வருவார் என்று இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் யூதர்கள் இயேசுவை ஏற்கவில்லையே, அவ்வளவு குருடர்களா?

- ஒரு வாசகர்

அன்புத் தம்பிக்கு,

கழுதைக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். எபிரேயக் கவிதை ஒரே விஷயத்தை இரண்டு அடியில் இரண்டு விதமாகச் சொல்லும். நம் ஒப்பாரியில் ‘என் ராசாவே, என் துரையே’ என்று அழுதால் செத்தவர் இரண்டு பேரா? சகரியாவில் இருப்பது ஒரே கழுதை. மத்தேயு இரண்டாக எழுதினார், யோவான் ஒன்றோடு நிறுத்தினார். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘குருடர்களா’ என்று கேட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சில வாரங்களாக நானும் இந்த வசனத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். நம் பைபிளில் அந்த ராஜா ‘இரட்சிக்கிறவர்’. எபிரேயத்தில் அங்கே இருக்கும் சொல் ‘நோஷா’. அது செயப்பாட்டு வடிவம்: இரட்சிக்கப்பட்டவர். கடவுள் கைதூக்கிவிட்டதால் வெற்றி பெற்ற ராஜா. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘இரட்சிக்கிறவர்’ என்று திரும்பியது, லத்தீனும் அப்படியே சொன்னது, தமிழிலும் அதுவே நிற்கிறது. எபிரேயத்தில் வாசிக்கிற ஒருவருக்கு நீங்கள் பார்க்கிற ராஜா அங்கே தெரியவில்லை என்றால், அவர் கண்ணிலா கோளாறு?

சரி, அந்தச் சொல்லை விடுங்கள். பத்தாம் வசனத்தை வாசித்தீர்களா? பிரசங்கியார் ஒன்பதோடு புத்தகத்தை மூடியிருப்பார், நீங்களும் மூடிவிட்டீர்கள். அந்த ராஜா வரும்போது எப்பிராயீமில் இரதம் இருக்காது, எருசலேமில் போர்க்குதிரை இருக்காது, யுத்தவில் இல்லாமற்போகும், அவர் ஜாதிகளுக்குச் சமாதானம் கூறுவார். யூதர்கள் பார்த்தது இதை. கழுதையில் யார் வேண்டுமானாலும் வரலாம். வில் ஒழிந்ததா என்பதுதான் அவர்கள் கேள்வி.

1263-இல் பார்சிலோனாவில், அரகோன் மன்னர் முதலாம் ஜெய்மேயின் முன்னால், ரபி நாக்மனிதேசை வாதத்துக்கு நிறுத்தினார்கள். எதிரே நின்றவர் யூதராகப் பிறந்து கிறிஸ்தவத் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி. வாக்களிக்கப்பட்ட ராஜாவான மேசியா வந்துவிட்டார் என்றால் ஜனங்கள் இனி யுத்தம் கற்பதில்லை என்ற ஏசாயாவின் வாக்கு எங்கே, அன்று முதல் இன்று வரை உலகம் கொடுமையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறதே என்று கேட்டார் நாக்மனிதேஸ். மன்னரைப் பார்த்தே, யுத்தம் கற்பது நின்றுபோனால் உங்களுக்கும் உங்கள் வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டம் என்றும் சொன்னதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அப்படி எழுதியதற்காகவே தொல்லைக்கு ஆளாகி, ஸ்பெயினை விட்டு வெளியேறி, 1267-இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். இவரையா குருடர் என்கிறீர்கள்?

நான் இயேசுவை ராஜா என்று விசுவாசிக்கிறவள். ஒன்பதாம் வசனம் அவருடைய முதல் வருகையில் நிறைவேறியது, பத்தாவது இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கிறது என்று சபை சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் சகரியா அப்படிப் பிரிக்கவில்லை தம்பி. ஒரே மூச்சில் சொல்கிறார். நடுவில் கோடு போட்டது நம் விசுவாசம். அந்தக் கோட்டைப் பார்க்காதவர்களைத் திட்ட உங்களுக்கு என்ன உரிமை?

எங்கள் பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. குருத்தோலை ஞாயிறு அன்று கோவிலிலிருந்து வந்ததும் பாட்டி என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, “ஐயர் விட்ட இடத்திலேருந்து வாசி” என்பார். ‘யுத்தவில்லும் இல்லாமற்போகும்’ என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொள்வார். “இன்னொரு வாட்டி வாசி.” வாசிப்பேன். அப்புறம் ஓலையைச் சிலுவையாக மடித்து, தாத்தா படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்.

அன்புடன்,
அக்கா