மகனை எந்த மருத்துவரிடம் காட்டுவது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் 19 வயது மகன் இரண்டு மாதமாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. தனியார் மருத்துவருக்கு வசதியில்லை. எங்கே போவது?
– வாசகி, தென்காசி

பதில்: முதலில் 14416-ஐ அழையுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மகனே பேச முன்வந்தால் இன்னும் நல்லது.

நேரில் காட்ட மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். காலையில் ஓ.பி. சீட்டு போடும்போதே 'மனநலப் பிரிவு' என்று கேளுங்கள். வெறுமனே 'தூக்கமில்லை' என்றால் பொது மருத்துவத்துக்கு அனுப்பிவிடக்கூடும். எப்போதிலிருந்து, சாப்பாடு, எடை, மது அல்லது போதைப் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் பாதி மறந்துபோகும். அவர் 18 தாண்டியவர், சிகிச்சைக்கு அவருடைய சம்மதம்தான் கணக்கு. மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

'செத்துப்போகலாம்' என்ற பேச்சு வந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

மனச்சோர்வு மாத்திரை என்றால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும்; குமட்டலோ முதல் வாரமே வரலாம். பலர் நிறுத்துவது அங்கேதான். தேறிய பிறகும் வழக்கமாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லி, படிப்படியாக.