பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு கராஜ்லயே ரெஸ்டோர் பண்ண முடியுமா? மாடிஃபை பண்ணா மதிப்பு போயிடுமா?

தாராளமா முடியும். நான் ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை பண்ணியிருக்கேன், அதுவும் இங்கிலாந்துல காவென்ட்ரில, அந்த வண்டி தயாரான ஊர்லயே. கேள்வில "சின்ன கராஜ், வெல்டிங் தெரியாது, எம்ஜிபி வாங்கலாமா ஸ்பிட்ஃபயர் வாங்கலாமா"ன்னு போட்டிருக்கீங்க, ரெண்டுமே பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், அதனால நீங்களும் வேலைக்காக இங்கிலாந்து வந்து செட்டில் ஆனவர்னு எடுத்துக்கிட்டு எழுதறேன்.

என்னோடது 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, 1296 சிசி. ஏன் இந்த வண்டின்னா, எங்க பெரியப்பா கிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்துச்சு. மெட்ராஸ் வண்டலூர்ல தயாரான வண்டி. இங்க 1959-ல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அங்க ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அந்த ஹெரால்டு சேஸிஸையே குட்டையாக்கி 1962-ல விட்டதுதான் ஸ்பிட்ஃபயர், ரெண்டுக்கும் டிசைன் பண்ணவர் இத்தாலிக்காரர் மிகெலோட்டி. முன்பக்கம் முழுசும் பானெட்டோட மக்கார்டோட அப்படியே முன்னாடி கவுந்து தொறக்கும். தொறந்தா முன் டயர் மேலயே உக்காந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸை காருக்கு உள்ள இருந்தே கழட்டி எடுக்கலாம், கீழ படுக்க வேண்டிய அவசியம் இல்ல. சின்ன கராஜ்னா என் ஓட்டு ஸ்பிட்ஃபயருக்குத்தான். எம்ஜிபி நல்ல வண்டி, குறை சொல்லல, எனக்கு அதுல அனுபவம் இல்ல அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான விஷயம். எல்லாரும் இன்ஜினைப் பத்தியும் கார்ப்ரேட்டரைப் பத்தியும்தான் கேக்கறாங்க. இந்த வண்டில உயிர் இருக்கறது தகரத்துல. ஹெரால்டுல சேஸிஸுக்கு ரெண்டு ஓரத்துலயும் பிரேம் ஓடும், ஸ்பிட்ஃபயர்ல அது கிடையாது, நடுவுல முதுகெலும்பு மட்டும்தான், அதனால கதவுக்கு கீழ நீளமா ஓடற தகரப் பெட்டி, அதாவது சில்லுதான் (sill) பாடியை வளையாம பிடிச்சு வெக்குது. அது போதாதுன்னு பின் சக்கரத்தை நேரா பிடிக்கற ராடு சேஸிஸ்ல இல்ல, சீட்டுக்கு பின்னாடி பாடில மாட்டியிருக்கும். அந்த இடம் துரு பிடிச்சா வண்டி நேராவே போகாது. நான் வாங்கின வண்டில வெளிய பார்க்க பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு, சில்லுல காந்தத்தை வெச்சா ஒட்டல, சுரண்டினா முழுக்க பட்டி. அது தெரிஞ்சேதான் வாங்கினேன், விலையையும் அதுக்கு ஏத்த மாதிரி குறைச்சுதான் பேசினேன்.

சில்லை அறுக்கறதுக்கு முன்னாடி கதவு ஓட்டைக்கு குறுக்க சதுர இரும்பு டியூப் வெச்சு முன்னாடியும் பின்னாடியும் டேக் வெல்டு (சின்னப் பொட்டு வெல்டிங்) அடிச்சிடுங்க, பாடி சேஸிஸ் மேலயே போல்ட்டு போட்டு இருக்கணும், வண்டியோட வெயிட்டு சக்கரம் இருக்கற இடத்துலதான் தாங்கணும், ஒரு பக்கம் முடிச்சுட்டுதான் அடுத்த பக்கம். இதைச் செய்யாம அறுத்தா பாடி நடுவுல தொய்ஞ்சிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு மூடாது. நான் ஒவ்வொரு தடவை டேக் அடிச்சதும் கதவை மாட்டி இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கான்னு பார்ப்பேன். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகரம் அது, ஒரே கோடா வெல்டிங் இழுத்தா சூட்டுல நெளிஞ்சிடும், இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு தள்ளித் தள்ளி வெச்சு ஆற விடணும். வெல்டிங் தெரியாதுன்னா பயப்பட வேண்டாம், சாயங்கால கிளாஸ் நிறைய இடத்துல நடக்குது, நானும் அங்கதான் கத்துக்கிட்டேன். ஆனா பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு பின்னாடியே இருக்கு, அதைக் கழட்டி கராஜை விட்டே வெளிய வைக்காம வெல்டிங் மெஷினை ஆன் பண்ணாதீங்க.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். முன் சக்கரத்துக்கு கீழ ட்ரனியன்னு ஒரு பித்தளை உருப்படி இருக்கு, ஸ்டியரிங் திரும்பறப்ப மொத்த சக்கரமும் அந்த மரை மேலதான் திரும்புது. அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் இறுகி வழியை அடைச்சா எண்ணெய் போகாது, தண்ணி உள்ள போய் மரை துரு பிடிச்சு ஒருநாள் உடைஞ்சு சக்கரம் மடங்கிடும். இதை எனக்கு முதல்ல சொன்னவர் புதுப்பேட்டைல பெரியப்பா வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன். "தம்பி, இதுல கிரீஸ் கன்னை வெச்சா வண்டி சாவும்"னு சொல்லி கையாலயே எண்ணெய் விட்டுக் காட்டுவார். நான் வாங்கின வண்டில பழைய ஓனர் ரெண்டு பக்கமும் கிரீஸ் அடிச்சு வெச்சிருந்தார்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா மனசுல இருக்கறதை சொல்லிடறேன். அந்த அண்ணன் அவ்வளவு தெரிஞ்ச மனுஷன், ஆனா வண்டி கொண்டு வர்ற ஆளுங்க பாதிப் பேர் அவரை வாடா போடான்னுதான் கூப்பிடுவாங்க, வீட்டுக்கு வந்தா திண்ணையோட நிக்க வைப்பாங்க. இப்ப நான் கையெல்லாம் கருப்பா போட்டோ போட்டா சொந்தக்காரங்க குரூப்ல "இன்ஜினியரிங் படிச்சுட்டு ஏம்பா இந்த வேலை, அந்த காசுல தாம்பரம் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கியிருக்கலாமே"ன்னு வருது. கிரவுண்டு வாங்கறவங்க வாங்கட்டும். கையால வேலை செய்யறது கேவலம்னு நம்ம ஊர்ல யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியல, எனக்கு அது இன்னிக்கும் வலிக்குது.

சரி, மாடிஃபிகேஷன். "ஒரிஜினாலிட்டி போச்சு"ன்னு கீழ எழுத வர்றவங்களுக்கு முன்னாடியே சொல்லிடறேன், ஸ்பிட்ஃபயர் 1980 வரைக்கும் மூணு லட்சத்துக்கு மேல தயாரான வண்டி, ம்யூசியம் பீஸ் இல்ல. பழைய மாடல்ல வளைவுல வேகமா போறப்ப திடீர்னு ஆக்ஸிலேட்டரை விட்டா பின்னாடி வெளிப்பக்க சக்கரம் உள்ள மடங்கும். 1970-ல மார்க் 4-ல கம்பெனியே பின் ஸ்பிரிங் பட்டையை மாத்தி, ஸ்விங் ஸ்பிரிங்னு போட்டு அதை சரி பண்ணாங்க. நான் அதே பட்டையை என் மார்க் 3-ல போட்டு, அதுக்கு சேர்ந்த மாதிரி முன்னாடி தடிமனான ஆன்டி ரோல் பாரும் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கற கம்பி) மாட்டினேன். இக்னிஷன்ல இருந்த பழைய கான்டாக்ட் பாயிண்ட்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்கு ரிலே, அவ்வளவுதான். பின் சீட்ல, இல்ல இதுல பின் சீட்டே கிடையாது, பக்கத்து சீட்ல என் பொண்ணு உக்கார்றா, அவ உயிரை விட ஒரிஜினாலிட்டி எனக்குப் பெருசு இல்ல. கழட்டின பழைய பார்ட்ஸ் எல்லாம் பெட்டில பத்திரமா இருக்கு, எதையும் அறுக்கல, நாளைக்கே திருப்பி மாட்டலாம். மதிப்பு போறது சேஸிஸை வெட்டி வேற இன்ஜின் ஏத்தறப்பதான். அதுக்கு மேல, 40 வருஷம் தாண்டின வண்டிக்கு 2018-ல இருந்து இங்க எம்ஓடி (வருஷா வருஷம் எடுக்கற வண்டி தகுதி டெஸ்ட்) விலக்கு இருக்கு, பெருசா மாத்தின வண்டிக்கு அது கிடைக்காது. விலக்கு இருந்தும் நான் வருஷா வருஷம் எம்ஓடி போடறேன், நீங்களும் போடுங்க. என்ன மாத்தினாலும் இன்சூரன்ஸ்ல சொல்லிடுங்க.

பெட்ரோல் பங்க்ல இப்ப சாதாரணமா வர்றது ஈ10, அதுல இருக்கற எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை அரிச்சிடும், ஹோஸை மாத்துங்க, எத்தனால் கம்மியா இருக்கற ஈ5 போடுங்க.

வாங்கப் போறப்ப காந்தத்தோட ஒரு ஃப்ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க. அவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிட்டு நீங்க இன்ஜின் முன்னாடி இருக்கற கிராங்க் புல்லியையே பாருங்க. கண்ணுக்குத் தெரியற அளவுக்கு அது முன்னாடி நகர்ந்தா, கிராங்கை முன்ன பின்ன நகராம பிடிக்கற த்ரஸ்ட் வாஷர் தேய்ஞ்சிருக்கு, கழண்டு கீழ விழுந்தா கிராங்கும் போகும் பிளாக்கும் போகும், இன்ஜின் வேலைக்கான காசை விலைல கழிச்சுக்கிட்டுதான் பேசணும், ஒத்துக்கலன்னா வேற வண்டி பாருங்க.