ஏழாம் எதிரி

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊர்க் கோஷ்டிச் சண்டையில் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்தார். நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை. ஏழாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏழாவது ஆள், என் தம்பி. சத்தம் கேட்டு ஓடிப்போய் நின்றேன், யாரையும் தொடவில்லை என்கிறான். இறந்தவர் எங்களுக்கு மாமன் முறை. அப்பீல் போட்டால் அவருக்குச் செய்யும் துரோகம் என்கிறாள் அம்மா. என்ன செய்ய?

வாசகி, கருங்கல்

அன்புள்ள தங்கைக்கு,

அப்பீல் போடுங்கள். வெட்டாத ஒருவன் ஜெயிலில் கிடப்பதால் மாமாவுக்கு எந்த நியாயமும் கிடைத்துவிடாது. அம்மாவிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் ‘தொடவில்லை’ என்பது மட்டும் போதாது. இந்தியத் தண்டனைச் சட்டம் 149-ன்படி (2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றம் என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 190-ன்படி), ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே சட்டவிரோத நோக்கத்தோடு கூடி, அந்த நோக்கத்துக்காக ஒருவன் வெட்டினாலும் கொலைக் குற்றம் எல்லோர் தலையிலும் விழும். வெறுங்கையோடு வந்தவனுக்கும் அதே ஆயுள்தான். நோக்கத்தில் பங்கில்லாமல் வேடிக்கை பார்க்க நின்றவனை மட்டும் இந்தப் பிரிவு தொடாது. தம்பி எந்தப் பக்கம் என்பதுதான் வழக்கே. அவன் கம்போடு போயிருந்தால் அதையும் வக்கீலிடம் மறைக்க வேண்டாம்.

முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் தம்பி பெயர் முதலிலேயே இருக்கிறதா, பிறகு வாக்குமூலங்களில் முளைத்ததா? அது மாஜிஸ்திரேட் கைக்குப் போன தேதியும் நேரமும் கையெழுத்தோடு அதிலேயே குறித்திருக்கும். ராத்திரி பதிந்த வழக்கு மறுநாள் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது என்றால், இடையில் உட்கார்ந்து பெயர் சேர்த்தார்களா என்று வக்கீல் கேட்பார். எதிர்க் கோஷ்டி வீட்டில் சம்பாதிக்கிற ஆண்பிள்ளையையும் சேர்த்து எழுதிக்கொடுக்கும் கெட்ட வழக்கம் நம் ஊர்களில் உண்டு. எனக்கு இதில் தீராத கோபம். அந்தக் கூடுதல் பெயர்களால் உண்மையாக வெட்டியவனும் சந்தேகத்தின் பலனில் தப்பிவிடுகிறான்.

பெருங்கூட்ட வழக்குகளில் ஒருவனைத் தண்டிக்க இரண்டு மூன்று சாட்சிகளாவது அவனைப் பற்றி முரணில்லாமல் சொல்ல வேண்டும் என்ற அளவுகோலை 1964-ல் மசல்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தம்பி பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர், அவன் கையில் என்ன இருந்ததாகச் சொன்னார்கள் என்று தனியே எழுதிவையுங்கள். உயர் நீதிமன்றம் சாட்சியங்களை முதலிலிருந்து எடைபோடலாம்.

அப்பீலை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில்தான் போட வேண்டும். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் கூடவே போடலாம். காசில்லை என்று தயங்காதீர்கள். ஜெயிலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. நாகர்கோவில் கோர்ட்டில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். அப்பீல் போடக் கெடு அறுபது நாள். தீர்ப்புத் தேதியை இன்றே பாருங்கள்.