வழிகாட்டி வசதிக்காகக் காரின் தொடுதிரையை மாற்ற வேண்டுமா?

உள்ளமைந்த வழிகாட்டி என்பது, வரைபடத்தைக் காரின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, கைபேசியின் துணையில்லாமல் வழி சொல்லும் வசதி. அதற்காக மட்டும் திரையை மாற்றுவது பெரும்பாலானவர்களுக்கு வீண்செலவு என்றே சொல்வேன்.

இப்போதுள்ள திரையில், கைபேசியைக் காரின் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்ப்ளேயோ இயங்கினால், கைபேசியின் வரைபடமே அதில் தெரியும். நெரிசல் விவரமும் உடனுக்குடன் வரும். இணைய இணைப்பில்லாத காரில் பதிந்த வரைபடமோ அச்சிட்ட தொலைபேசிப் புத்தகம் போன்றது. அடுத்த பதிப்பு வரும்வரை பழைய தகவல்தான். சென்ற மாதம் ஒருவழிப் பாதையாக்கப்பட்ட தெருவுக்குள் எதிர்த்திசையில் திரும்பச் சொல்லும்.

நீண்ட சுரங்கப்பாதைகளில் அடிக்கடி செல்பவர்களுக்கு மட்டும் கணக்கு சற்று மாறும். அங்கே செயற்கைக்கோள் சைகை எட்டாது. நிறுவனமே பொருத்திய பல வழிகாட்டிகள் சக்கரம் சுழலும் வேகத்தையும் கார் திரும்பும் கோணத்தையும் வைத்து இருக்கும் இடத்தைக் கணித்துவிடும். வெளியே வாங்கிப் பொருத்தும் திரைக்கு இந்தத் தகவல் கிடைக்குமா, ஸ்டீயரிங் பொத்தான்களும் பின்பக்கக் கேமராவும் அதனுடன் வேலை செய்யுமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

இணையம் இல்லையென்றால் கைபேசி வழிகாட்டாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் சைகையைப் பெற இணையம் தேவையே இல்லை, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும்.