உயிர்மருத்துவ ஆய்வுக்குள் யார் வருகிறார்கள்? இளநிலைப் பயிற்சி குறித்த கேள்விகளும் பதில்களும்

(கறுப்பினத்தவர் போல, உயிர்மருத்துவ ஆய்வில் குறைவாகவே இடம்பெறும் பிரிவு மாணவர்களை அத்துறைக்குள் கொண்டுவர, அமெரிக்காவில் அரசு நிதியிலும் தனியார் கொடையிலும் இளநிலைப் பயிற்சித் திட்டங்கள் நடத்தப்பட்டுவந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகப் பயிற்சி அளித்துவரும் நம் உறுப்பினர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கோவை வாசகர்: ஆய்வாளர் எந்த இனத்தவர் என்பதால் அறிவியல் மாறிவிடுமா?

விதிகள் மாறுவதில்லை, எதை ஆராய்வது என்ற தேர்வு மாறுகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறிய அளவீடுகள் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடும் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடும் இருந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று தெரிவித்தது. கருவியோ பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் இருந்துவந்தது. ஆய்வில் பங்கேற்பவர்கள் பலவகைப்பட்டிருப்பது வேறு, ஆய்வு செய்பவர்கள் அவ்வாறிருப்பது வேறு என்று நீங்கள் மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமானதே. ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கறுப்பின அறிவியலாளர்கள் சமூக அளவிலான உடல்நலச் சிக்கல்களை ஆய்வுப் பொருளாக அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும், அத்தகைய விண்ணப்பங்களுக்கு நிதி கிடைப்பது குறைவாக இருக்கிறது என்றும் 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

திருச்சி மாணவி: ஆர்வத்தோடு சேரும் மாணவர்கள் எந்தக் கட்டத்தில் விலகிப்போகிறார்கள்?

நான் மிகவும் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில், வேதியியல், கணித வகுப்புகளில்தான் விலகுகிறார்கள். 1970-களில் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவர், நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஊக்கக் குறைவும் குடும்பச் சூழலும் காரணம் என்று பலரும் எண்ணியிருக்க, அவர் கண்டது வேறு. அம்மாணவர்கள் மணிக்கணக்கில் படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்களோ கூடிப் படித்து, ஒருவர் தவற்றை மற்றொருவர் திருத்திக்கொண்டார்கள். எனவே அவர் எளிய துணைப்பாடம் நடத்தாமல், கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார்ந்து போடச் செய்தார், தேர்ச்சி உயர்ந்தது.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில், ஃப்ரீமன் ராபௌஸ்கி 1988-இல் ராபர்ட் மேயர்ஹாஃப், ஜேன் மேயர்ஹாஃப் இணையரின் கொடையைக் கொண்டு தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும் இதே நோக்கில் அமைந்தது. கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே மாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள், பிறகு குழுவாகவே வகுப்புகளைக் கடக்கிறார்கள், சீக்கிரமே ஆய்வகத்தில் கால்வைக்கிறார்கள். கொரோனா தடுப்பூசி உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மேக்கியா கார்பெட் இத்திட்டத்தில் பயின்றவர். இத்திட்டத்தில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குச் சென்றவர்களோடு ஒப்பிட்டால், இங்கே படித்தவர்கள் அறிவியலில் முனைவர் பட்டப் படிப்புக்குச் செல்வது ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். கல்லூரியை மாணவர்களே தேர்ந்துகொள்கிறார்கள் என்பதால் இந்த ஒப்பீடு முழுமையானது அல்ல. இருப்பினும் சேர்க்கையின்போதே நல்ல மாணவர்களாக இருந்தார்கள் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

என் ஆய்வகத்தில் ஒரு மாணவி, பிசிஆர் முறையில் பெருக்கிய டிஎன்ஏ ஜெல்லில் பட்டையாகத் தெரியவேண்டியிருக்க, எதுவும் தெரியாமல் போனதை இரண்டு வாரம் மறைத்துவைத்திருந்தாள். தன்னால் முடியாது என்பதற்கு அதுவே சான்று என்று அவள் எண்ணியிருந்தாள். என் பழைய நோட்டுப்புத்தகத்தைத் திறந்து, தொடர்ச்சியாகத் தோற்ற என்னுடைய ஒன்பது ஜெல்களின் படங்களைக் காட்டினேன். மறுநாள் காலையில் பிசிஆருக்குத் தேவையான பிரைமர் என்ற குறுகிய டிஎன்ஏ துண்டைப் புதிதாகக் கரைத்து அவளே மீண்டும் தொடங்கினாள்.

ஓர் எச்சரிக்கை: கோடைப் பயிற்சி என்ற பெயரில் எட்டு வாரம் கண்ணாடிக் குடுவை கழுவ வைக்கும் இடங்களும் உண்டு. சேரும் முன், அன்றாடம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவர் யார் என்று பெயரோடு கேளுங்கள்.

மதுரை வாசகர்: இது நம்முடைய இடஒதுக்கீடுதானே? பெயரை மட்டும் மாற்றி ஏன் சொல்கிறீர்கள்?

இல்லை, ஐயா. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடங்கள் சட்டப்படி ஒதுக்கப்படுகின்றன. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கையில் எண்ணிக்கை வகுத்து இடம் ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 1978-இலேயே, ஆலன் பாக்கி என்பவர் தொடுத்த வழக்கில், தடுத்துவிட்டது. 1994-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே மேரிலாந்தின் மற்றொரு வளாகத்தில் கறுப்பினத்தவருக்கு மட்டுமாக இருந்த உதவித்தொகையை ரத்து செய்தது. அதற்குப் பின் 1996 முதல் மேயர்ஹாஃப் திட்டம் எல்லா இனத்தவருக்கும் திறக்கப்பட்டது. நாம் பேசிக்கொண்டிருப்பது சேர்ந்த பின் கொடுக்கும் பயிற்சியைப் பற்றி.

பெங்களூரு வாசகர்: மதுரைக்காரர் கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. திறமை இருந்தால் தானாக வரமாட்டார்களா?

நேரடியாகவே சொல்கிறேன். 2011-இல் சயின்ஸ் இதழில் வெளியான கின்தர் குழுவின் ஆய்வு, படிப்பு, பயிற்சி, முந்தைய வெளியீடுகள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்பும், மருத்துவ ஆய்வுக்கு நிதி வழங்கும் அரசு அமைப்பான அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்ஐஎச்) நிதி கிடைக்கும் வாய்ப்பு கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு வெள்ளையரைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்ததைக் கண்டது. முனைவர் பட்டம் பெற்று, விண்ணப்பம் எழுதும் நிலைக்கு வந்துவிட்டவர்களின் கதை இது. தானாக வந்தவர்களுக்கே இப்படியென்றால், இடையில் நின்றுபோனவர்களைப் பற்றி என்ன சொல்வது?

மதுரை வாசகர் (மீண்டும்): அப்படியானால் பயிற்சியால் மட்டும் என்ன பயன்?

இந்தக் கேள்வியில் உங்களோடு உடன்படுகிறேன். என்ஐஎச் 2014-இல் பில்ட் என்ற பயிற்சித் திட்டத்தைப் பத்து இடங்களில் தொடங்கியபோது, மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பதோடு ஆசிரியர்களையும் கல்லூரியின் ஆய்வு வசதிகளையும் சேர்த்தே மாற்ற முயன்றதற்குக் காரணம் அதுதான். மாணவரைத் திருத்திவிட்டு நிறுவனத்தை அப்படியே விட்டால், கசியும் குடத்தில் நீர் ஊற்றும் கதையாகிவிடும். ஆனால் நிறுவனம் முழுதாகத் திருந்தும்வரை மாணவரைக் காத்திருக்கச் சொல்லவும் முடியாது. இதற்கு மேல் இடஒதுக்கீட்டு விவாதத்தை வேறோர் அமர்வில் வைத்துக்கொள்வோம்.

மேரிலாந்து வாசகி: எங்கள் மகள் இங்கே பிறந்தவள். மேயர்ஹாஃப் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக, அம்மா. ஆனால் குடுவை எச்சரிக்கையை மறக்கவேண்டாம்.

சென்னை மாணவர்: நான் இந்தியக் குடிமகன். அமெரிக்க அரசின் இந்தப் பயிற்சி நிதி எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது, தம்பி. அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்குமானது. அதிலும் 2025-இல் இவ்வகை மானியங்கள் பல நிறுத்தப்பட்டுவிட்டன. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதெமிகளும் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்.

சேலம் மாணவர்: என்னிடம் எஃப்-1 என்ற மாணவர் விசா இருந்தால் அந்தப் பயிற்சி நிதி கிடைக்குமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

ஈரோடு மாணவி: விசா பற்றி அல்ல. கோடையில் ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் நாள் என்ன கேட்பது?

பக்கத்தில் நிற்பவரின் பெயரை.