சொன்ன இடத்தில் உடையும் வண்டி

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய மௌனப் படங்களைப் பார்ப்பேன். பஸ்டர் கீட்டன், ஹரால்ட் லாயிட், லாரல்-ஹார்டி எல்லாம் எனக்கு உயிர். போன வாரம் 'ஷெர்லாக் ஜூனியர்' பார்த்தோம். ஓட்டுபவர் விழுந்துவிட்டது தெரியாமல் கீட்டன் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் உட்கார்ந்து போய்க்கொண்டே இருக்கும் காட்சி. மகன், "ஏமாத்துப்பா, கம்ப்யூட்டர்ல பண்ணிருப்பாங்க" என்றான். 1924இல் ஏதடா கம்ப்யூட்டர் என்றேன். "அப்ப வேற ஏதோ ஏமாத்து" என்கிறான். அந்த மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதை இவனுக்கு எப்படிப் புரியவைப்பது? இன்றைய நடிகர்கள் மாடிப்படி இறங்கவே டூப் போடுகிறார்கள். அன்று எல்லாமே நிஜம். கார்களும் அந்தக் காலத்து இரும்பு என்பதால்தான் அத்தனை அடியையும் தாங்கின. தொழில்நுட்பம் வளராததால் படம் குடுகுடுவென்று ஓடுவதுகூட ஓர் அழகு. கடைசியாக ஒன்று: சாப்ளினா, கீட்டனா, நீங்கள் எந்தக் கட்சி?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் ஓரம் தள்ளிவிடுகிறேன். சாப்ளினா கீட்டனா என்று டீக்கடையில் கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. அவர்கள் இருவருக்கும் இனி நம் ஓட்டு வேண்டாம்.

படம் குடுகுடுவென்று ஓடும் விஷயம். அன்று கேமராவைக் கையால் சுழற்றினார்கள். துரத்தல் காட்சி வந்தால் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றுவார்கள். நிதானமாகப் போன கார் திரையில் பறக்கும். அது தெரிந்தே செய்த வேலை. பின்னாளில் டிவிக்காரர்கள் எல்லாப் படத்தையும் ஒரே வேகத்தில் ஓட்டி, சாதாரணமாக நடப்பவர்களையும் கோழிபோல ஓடவைத்துவிட்டார்கள். "தொழில்நுட்பம் வளராததால்" என்று எழுதும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம் நீங்கள்.

அப்புறம் டூப். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. நீங்கள் உயிராக நினைக்கும் அதே மோட்டார் சைக்கிள் காட்சியில், பள்ளத்தில் தூக்கியடித்துக் கீழே விழுகிறாரே, வண்டி ஓட்டி வந்தவர், அவர் யார் தெரியுமா? கீட்டன். விழவேண்டிய நடிகரின் உடையை மாட்டிக்கொண்டு கீட்டனே அவருக்கு டூப் போட்டார். விழுபவரும் அவர்தான், விழாமல் போகிறவரும் அவர்தான். அந்தக் கீட்டனும் 1927இல் 'காலேஜ்' படத்தில் கழியூன்றித் தாண்டி ஜன்னல் வழியே பாயும் இடத்துக்கு லீ பார்ன்ஸ் என்பவரைக் கொண்டுவந்தார். 1924 ஒலிம்பிக்கில் போல்வால்ட்டில் தங்கம் வாங்கியவர். தன்னால் முடியாததற்கு முடிந்தவரைக் கூப்பிடுவதில் கீட்டனுக்கு வெட்கம் இருக்கவில்லை. லாயிடுக்கும் டூப் உண்டு. 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் அவர் உயரமான கட்டடம் ஒன்றில் வெளிப்பக்கமாக ஏறுவார். அதற்கு ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் இன்னொரு சுவரைக் கட்டி, கீழே தெரு தெரியும்படி கேமராவை வைத்து எடுத்தார்கள். தூரத்தில் ஏறும் உருவம் வேறு ஆள். ஆனால் 1919இல் ஒரு குண்டு வெடித்து வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போன மனிதர், கையுறைக்குள் பொய்விரல் வைத்துக்கொண்டு அந்தப் படத்தில் கட்டடத்தின் பெரிய கடிகாரத்தைப் பிடித்துத் தொங்கினார் என்பதும் நிஜம். இதில் எதை நிஜம், எதை ஏமாத்து என்று பிரிப்பீர்கள்? 'ஷெர்லாக் ஜூனியர்' எடுக்கும்போது ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீர் கீட்டனைத் தண்டவாளத்தில் அடித்துக் கழுத்தெலும்பு விட்டது. அது விட்டிருந்தது என்றே பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அது ஒரு கணக்குப் பிழை. அதைப் போய்க் கைதட்டி ரசிக்கச் சொல்லி ஒன்பது வயதுப் பையனுக்குப் பாடம் எடுக்கிறீர்களே, நியாயமா?

சரி, விடுங்கள். நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே கார் பற்றிய உங்கள் அந்த ஒரு வரிக்காக. "அந்தக் காலத்து இரும்பு."

போன மாதம் தாராபுரத்தில் என் மாமாவின் பட்டறையைக் காலிசெய்யப் போயிருந்தேன். மாமா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இடத்தை விற்றாகிவிட்டது. மூலையில் கிரீஸ் அப்பிய சாக்குக்குள் ஒரு ஸ்டார்ட்டிங் ஹேண்டில் கிடந்தது. அம்பாசிடருக்குப் போடுவோமே, எஞ்சினைக் கிளப்பச் சுற்றுகிற, இசட் எழுத்துபோல வளைந்த கம்பி. எனக்குப் பன்னிரண்டு வயதில் அதைச் சுற்றிப் பார்க்க ஆசை. "கட்டைவிரலை மத்த விரலோட ஒரே பக்கம் வை மாப்பிள்ளை, சுத்திப் பிடிக்காத" என்று மாமா சொன்னார். சுற்றிப் பிடித்தேன். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. மணிக்கட்டு மூன்று வாரம் கட்டோடு இருந்தது. மாமா அன்று திட்டவில்லை. "இப்ப உனக்கு வண்டி தெரியும்" என்றார்.

ஹேண்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் மின்னஞ்சல் வந்தது.

அந்தப் படங்களில் அடிபடும் கார்களில் பெரும்பாலானவை ஃபோர்டு மாடல் டி. 1908இல் வந்தது. 1927இல் நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள். முதலில் 850 டாலர் விற்றது, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு கட்டத்தில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் பாதி அதுதான். எடை அரை டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இருபது குதிரைசக்தி. நீங்கள் நினைக்கும் இரும்புக் கோட்டையெல்லாம் இல்லை, தகர டப்பா. அமெரிக்கர்களே அதற்குத் தகரம் என்று அர்த்தம் வருகிற செல்லப்பெயர்தான் வைத்தார்கள். காலுக்கு மூன்று பெடல்: ஒன்று கியர், ஒன்று ரிவர்ஸ், ஒன்று பிரேக். ஆக்ஸிலரேட்டர் கையில், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோல். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக வடிந்து எஞ்சினுக்குப் போகவேண்டும். டேங்கில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வண்டி நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள். இதை யாரும் நகைச்சுவைக்காக எழுதவில்லை. அந்த வண்டியே அப்படித்தான்.

கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஏராளமானவர்கள் காலையில் வண்டியைக் கிளப்ப அதே மாதிரி ஹேண்டிலைச் சுற்றி மணிக்கட்டு வலித்தவர்கள். 1920இல் லாயிட் ஒரு படத்தில் நின்றுபோன காரின் பானெட்டுக்குள் தலையை விட்டு, தோளை விட்டு, கடைசியில் கால்வரை உள்ளே போய்விடுவார். எதுவும் பலிக்காமல், போதை ஊசிபோடும் ஒருவனிடமிருந்து ஊசியை எடுத்துக் காருக்குக் குத்துவார். கார் துள்ளிக்கொண்டு கிளம்பும். அதற்கு நாம் சிரிப்பது ஒரு சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே பானெட்டுக்குள் தலையை விட்டுக் கிடந்தவன் சிரிப்பது இன்னொரு சிரிப்பு.

இப்போது நான் சொல்லவேண்டியது. ஓடும் காரைச் செய்ய ஃபோர்டு இருந்தார். சொன்ன இடத்தில், சொன்ன நொடியில், உள்ளே இருப்பவர் சாகாமல் உடைகிற காரைச் செய்தது யார்? 'த்ரீ ஏஜஸ்' படத்தில் கீட்டனின் கார் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. இறங்கிய மாத்திரத்தில் மொத்தமும் பிரிந்து பாகம் பாகமாகத் தரையில் கிடக்கிறது. யோசித்துப் பாருங்கள். பள்ளம்வரை அது கார். தன் காலில் ஓடிவருகிறது, நடுங்கவில்லை. பள்ளத்தில் அது குப்பை. ஒரு கம்பி முன்னாலேயே விட்டுக்கொடுத்தால் காட்சி போச்சு, பின்னால் விட்டுக்கொடுத்தாலும் போச்சு. 'ஷெர்லாக் ஜூனியர்' முடிவில் பிரேக் போட்டதும் சேசிஸ், அதாவது சக்கரங்களோடு இருக்கும் அடிச்சட்டம், மட்டும் கரையில் நின்றுவிட, மேல்பாகம் வழுக்கிக்கொண்டு போய் ஏரியில் மிதக்கும். கீட்டன் காரின் மடக்குக்கூரையைத் தூக்கிப் பாய்மரப் பாயாக விரிப்பார். அந்த மேல்பாகம் மிதக்கவேண்டும், பிறகு சரியான நேரத்தில் மூழ்கவும் வேண்டும்.

கீட்டனின் படங்களுக்கு இந்த மாதிரி வேலைகளைப் பார்த்தவர் பெயர் ஃபிரெட் கபூரி. தொழில்நுட்ப இயக்குநர். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முன்சுவர் முழுசாகச் சாய்ந்து, ஜன்னல் இடைவெளி கீட்டனின் தலைவழியே இறங்குமே, அதுவும் அவர் கணக்குதான். கீட்டனைத் தெரிந்த அளவுக்குக் கபூரியை யாருக்குத் தெரியும்? கீஸ்டோன் கம்பெனியின் மௌனப் படங்களில் கோமாளிப் போலீஸ்காரர்கள் கூட்டமாகத் தொற்றிக்கொண்டு வருவார்களே ஒரு வேன், அதைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிய சாலையில் வட்டமடிக்கவிட்ட டிரைவர் டெல் லார்ட். பிற்பாடு இயக்குநராகவே ஆனார். அவர் எடுத்த ஒரு படத்தில், பெட்ரோல் தீர்ந்த காரைத் தள்ளிக்கொண்டு போகிறவர், வழியில் நிற்கும் கார்களையும் சேர்த்து ரயில்வண்டிபோல மேடேற்றிக்கொண்டு போவார், தெரியாமலே. ஸ்பேனர் பிடித்த கையால்தான் அப்படி யோசிக்கமுடியும். கீட்டனையும் இந்த வரிசையில்தான் நான் வைப்பேன். 1917இல் முதன்முதலாக ஸ்டுடியோவுக்குள் போனவர், கேமராவை இரவல் வாங்கிப்போய்க் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் நடிக்க வந்தார் என்பார்கள். (நம் கதையும் வேறில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் 'கீசகவதம்' எடுத்த நடராஜ முதலியார் சென்னையில் கார் வியாபாரம் பார்த்தவர். அந்தப் படம் இன்று இல்லை.)

1990 வாக்கில் ஒரு வீடியோ கேசட் கொண்டுபோய் மாமாவுக்குப் போட்டுக்காட்டினேன். லாரல்-ஹார்டியின் 'டூ டார்ஸ்', 1928 படம். லீவில் வந்த இரண்டு மாலுமிகள் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, இரண்டு பெண்களோடு கிளம்பி, ஊருக்கு வெளியே நீண்ட வண்டி நெரிசலில் மாட்டுகிறார்கள். இடித்தவனை இவர்கள் இடிக்க, இவர்களை அவன் இடிக்க, வரிசையில் நிற்கிற வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்க்கப்படுகின்றன. அறையில் இருந்த பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏமாத்து" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம். "என்ன ஏமாத்து?"

"மட்கார்டு கையோட வருது பாரு. எங்க வரும்? துரு ஏறின போல்ட்டு, நாலு பேரு தொங்கினாலும் வராது. முன்னாடியே எல்லாத்தையும் கழட்டிட்டு சும்மா சாத்தி வச்சிருக்கான். மரை இல்ல, ஆணிதான். ஆனா வண்டி ரோட்டுல வர்றப்ப ஆடவே இல்லையே. எப்படி நிறுத்தினான்?"

அப்புறம் அவர் கதையைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு வண்டியாகப் பட்டறைக்கு வந்ததுபோலப் பார்த்தார். கடைசியில் போலீஸ்காரர் எல்லோரையும் கிளம்பச் சொல்ல, சிதைந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரையைக் கடந்து போகும். நொண்டுவது, குலுங்குவது, சாய்வது. அங்கேதான் மாமா சிரிக்க ஆரம்பித்தார். "ஒடைச்சது பெரிசில்ல மாப்பிள்ளை. ஒடைஞ்சதை ஓட்டுறான் பாரு. இந்த நொண்டிக்குச் சக்கரத்து ஹப்புல ஓட்டையை நடுவுல போடாம தள்ளிப் போட்டிருப்பான். இதுக்கு ஒரு தனி ஃபிட்டர் வேணும். ரெண்டு நாள் வேலை."

உங்கள் மகனை நினைத்தேன். "அப்ப வேற ஏதோ ஏமாத்து" என்றானே, அவன் என் மாமாவுக்குப் பக்கத்தில் உட்காரவேண்டியவன். அவனை உருகவைக்கப் பார்க்காதீர்கள், எஸ். எப்படி ஏமாற்றினார்கள் என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். வீட்டில் உடைந்த பொம்மைக் கார் இருந்தால் அவனிடமே கொடுங்கள், இருக்கவே இருக்கும்.

அந்தப் படத்தின் முடிவில் லாரலும் ஹார்டியும் தப்பித்து ரயில் சுரங்கத்துக்குள் வண்டியை விட்டுவிடுவார்கள். எதிரே ரயில். மறுபக்கம் வெளியே வரும்போது கார் பக்கவாட்டில் நசுங்கி, அப்பளம் மாதிரி ஒடுங்கியிருக்கும். இருவரும் அதில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கார் ஓடிக்கொண்டிருக்கும்.

மாமா ஒன்றும் பேசவில்லை. "திருப்பிப் போடு" என்றார். போட்டேன். "மறுபடி." ஆறேழு தடவை ஆகியிருக்கும். அத்தை சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். மாமா தினத்தந்தியின் ஓரத்தில் பேனாவால் இரண்டு சக்கரம் வரைந்து, நடுவே ஆக்சிலை எவ்வளவு குறுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நடித்தவர்கள் யார் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.